துகேலா அருவி: ஆறு வழிவிட்டால் போகலாம்

வாசகர் கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவில், டிராக்கன்ஸ்பெர்க் மலைத்தொடரின் வடகோடியில் ராயல் நேட்டால் தேசியப் பூங்கா இருக்கிறது. அங்குள்ள துகேலா அருவியைப் பார்க்கப் போவது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில். டர்பனில் உறவுக்காரர்கள் இருப்பவர்களும் டர்பனிலேயே குடியிருப்பவர்களும்தான் அதிகம் எழுதியிருக்கிறீர்கள்.

கேள்வி: டிசம்பர் கடைசியில் டர்பனில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறோம். அருவி பார்க்க அது ஏற்ற மாதமா? (வாசகி, கோயம்புத்தூர்)

தண்ணீர் நிறைய இருக்கும், ஆனால் உங்களுக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. அந்த மலையில் டிசம்பர், ஜனவரி கோடைக்காலம். மழைக்காலமும் அதுவே. காலையில் வானம் துடைத்துவிட்டாற்போல இருக்கும். பதினொரு மணிக்கு மேல் மலை உச்சியில் மேகம் கூடும். பிற்பகலில் இடி மின்னலோடு கொட்டித் தீர்க்கும், சில நாள் ஆலங்கட்டியும் விழும். அதனால் டிசம்பரில் போகிறவர்கள் விடியும்போதே நடக்கத் தொடங்கி, மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் காருக்குத் திரும்பிவிட வேண்டும். இன்னொரு சங்கடம், மேகம் இறங்கிவிட்டால் அருவி இருக்கும் திசையே தெரியாது. ஒரே ஒரு நாளை மட்டும் நம்பிப் போகாதீர்கள். இரண்டு இரவு தங்குவதாக வைத்துக்கொண்டால், ஒரு காலை இல்லாவிட்டால் மறு காலை கைகொடுக்கும்.

இந்த அருவி ஏன் மாதத்துக்கு மாதம் இப்படி மாறுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம். துகேலா ஆறு மான்ட்-ஓ-சோர்ஸ் என்ற 3,282 மீட்டர் சிகரத்தை ஒட்டிய மேட்டுநிலத்தில் பிறக்கிறது. அங்கிருந்து பாறை விளிம்புவரை சில கிலோமீட்டர்தான். அந்தச் சின்னப் பரப்பில் விழுகிற மழை மட்டுமே அருவிக்கு வரத்து. பெரிய ஆறு ஒன்று பாய்ந்து வந்து விழும் அருவி அல்ல இது. மழை பெய்தால் பெருகும், நாலு நாள் ஓய்ந்தால் இளைத்துவிடும். ஜூலையில் மேல் அடுக்கு உறைந்து வெள்ளைத் தூணாக நிற்பதும் உண்டு. ஆகஸ்ட், செப்டம்பரில் ஒரு நூலாகிவிடும், சில ஆண்டுகளில் அதுவும் இருக்காது.

மாதத்தைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பு இருந்தால் ஏப்ரல் அல்லது மே மாதத் தொடக்கம். மழைக்காலத்து ஈரம் மலையில் இன்னும் ஊறிக்கொண்டிருக்கும், இடிமழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும், வானமும் தெளிவு.

கேள்வி: உலகின் உயரமான அருவி ஏஞ்சல் என்று படித்தோம். துகேலாதான் என்கிறார்களே சிலர்? (வாசகர், சேலம்)

துகேலாவுக்கு நெடுங்காலமாகச் சொல்லப்படும் உயரம் 948 மீட்டர். வெனிசுவேலாவின் ஏஞ்சல் அருவி 979 மீட்டர். 2016இல் செக் நாட்டுக் குழு ஒன்று துகேலாவை அளந்து 983 மீட்டர் என்று சொன்னது. அந்த அளவை ஏற்றுக்கொள்பவர்கள் துகேலாவை முதலிடத்தில் வைக்கிறார்கள். ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. ஏஞ்சலில் தண்ணீர் பெரும்பகுதி உயரத்தை ஒரே வீச்சில் விழுந்துவிடுகிறது. துகேலா ஐந்து அடுக்காக இறங்குகிறது, அதில் மிக நீண்ட வீழ்ச்சி 411 மீட்டர்.

கேள்வி: என் பாட்டனார் காலத்தில் எங்கள் குடும்பம் டார்னல் பக்கம் கரும்புத் தோட்டத்தில் இருந்தது. அங்கே துகேலா என்று ஓர் அகன்ற ஆறு உண்டு. இரண்டும் ஒன்றா? (வாசகர், டர்பன்)

ஒன்றேதான். மலை விளிம்பில் நூலாக விழுகிற அந்த நீர் 502 கிலோமீட்டர் ஓடி, டர்பனுக்கு வடக்கே சுமார் 85 கிலோமீட்டரில் இந்தியப் பெருங்கடலில் கலக்கிறது. 1860இல் மதராஸிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் முதல் ஒப்பந்தக் கூலிகள் வந்து இறங்கினார்கள். அவர்களும் பின்னால் வந்தவர்களும் வேலை செய்த கரும்புக் காடுகள் அந்தக் கடலோரம் நெடுகப் பரவியிருந்தன. உங்கள் பாட்டனார் பார்த்த ஆற்றின் தலைமாட்டைத்தான் நீங்கள் பார்க்கப் போகிறீர்கள். குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கூட்டிப் போங்கள்.

கேள்வி: அருவியைப் பார்க்க மேலே போவதா, கீழே போவதா? அப்பாவுக்கு 62 வயது, அம்மாவுக்கு 58. இருவரும் தினம் நடப்பவர்கள். (வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்)

கீழ்வழி, சந்தேகமே வேண்டாம்.

மேல்வழி சென்டினல் கார் நிறுத்தத்திலிருந்து தொடங்குகிறது. அந்த இடமே 2,500 மீட்டருக்கு மேல். ராயல் நேட்டால் வாசல் வழியாக அங்கே போக முடியாது. ஹாரிஸ்மித், புத்தடிட்ஜபா என்று மலையைச் சுற்றி, அடுத்த மாகாணமான ஃப்ரீ ஸ்டேட் பக்கமாக வர வேண்டும், கடைசிச் சில கிலோமீட்டர் சாலை தாழ்வான கார்களின் அடியைப் பதம் பார்த்துவிடும். நடையின் நடுவே செங்குத்துப் பாறையில் தொங்கும் சங்கிலி ஏணிகளில் ஏற வேண்டும். ஏறி முடித்தால் அருவி விழத் தொடங்கும் விளிம்பில் நிற்கலாம். ஆனால் அங்கிருந்து அருவி முழுதாகத் தெரியாது. காலடியில் ஓர் ஓடை காணாமல்போவதுதான் தெரியும். மேட்டுநிலத்தில் வழிப்பறி நடந்ததும் உண்டு. போகிறவர்கள் உள்ளூர் வழிகாட்டியோடு, கூட்டமாகப் போவது நல்லது.

கீழ்வழி பூங்காவுக்குள் இருக்கும் தெண்டெலே குடில்களை ஒட்டிய கார் நிறுத்தத்தில் தொடங்கி, துகேலா ஆற்றை எதிர்த்து மலையிடுக்குக்குள் போகிறது. போக ஏழு கிலோமீட்டர், வர ஏழு. முதல் ஐந்து கிலோமீட்டர்வரை ஏற்றம் மிகச் சாது. தினம் நடக்கும் உங்கள் பெற்றோர் அந்தப் பகுதியை நன்றாகவே நடந்துவிடுவார்கள். கடைசிப் பகுதிதான் பாறைமேல் பாறை தாவுவது. அங்கே முழங்கால் சரியாக இல்லாதவர்கள் ஆற்றங்கரையில் உட்கார்ந்துகொள்ளலாம், உங்களில் ஒருவர் துணைக்கு இருக்கட்டும். அவர்களுக்கும் அருவி தப்பாது. வானம் தெளிந்த நாளில், மழைக்காலமானால், தெண்டெலே புல்வெளியிலிருந்தே தொலைநோக்கியில் பார்த்துவிடலாம்.

கேள்வி: மலையிடுக்குப் பாதையைப் பற்றி விவரமாக எழுதுங்கள். எங்கே எவ்வளவு நேரம் ஆகும்? (வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

புறப்படும் முன் மலையேறுவோர் பதிவேட்டில் எழுதுங்கள். எத்தனை பேர், எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம், கார் எண் என்ன. இது சடங்குக்காக வைத்திருக்கும் நோட்டு அல்ல. நீங்கள் வரவில்லை என்று யாருக்காவது தெரிய வேண்டுமானால் அதற்கு இருப்பது இந்த ஒரு பக்கம்தான்.

பாதை ஆற்றின் மட்டத்துக்கு வெகு மேலே, மலைச்சரிவின் இடுப்பைச் சுற்றிச் செல்கிறது. புல்வெளி, இடையிடையே புரோட்டியா மரங்கள். சரிவு உள்வாங்கும் இடங்களில் ஓடையும் அதை ஒட்டி அடர்ந்த காடும் வரும். காட்டுக்குள் நுழைந்ததும் சட்டென்று குளிரும். இந்த நிழல் திட்டுகளில் வேர்களும் இலைச் சருகும் ஈரமாகவே கிடக்கும், வழுக்கி விழுபவர்களில் பலர் விழுவது இங்கேதான். பெரிய பாறைகளில் எல்லோரும் கவனமாக இருப்பார்கள். எளிய பாதையில்தான் கண் மலையைப் பார்க்கும், கால் வேரில் மாட்டும். மலையைப் பார்க்க வேண்டுமென்றால் நின்று பாருங்கள்.

நின்று பார்க்க வேண்டிய மலைதான். எதிரே ஐந்து கிலோமீட்டர் நீளத்துக்கு அரைவட்டமாக வளைந்த பாறைச்சுவர், ஆம்பிதியேட்டர் என்று பெயர். மேலே கருத்து நிற்பது சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் பொங்கி உறைந்த எரிமலைக் குழம்பு, பசால்ட் பாறை. அதற்குக் கீழே வெளிர்மஞ்சளில் தெரிவது மணற்பாறை. இந்த இரண்டு அடுக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் மலையிடுக்கு புரிந்துவிடும். மணற்பாறைக்குள் இறங்கியதும் ஆறு அகலமாக அரிக்காமல் கத்தியால் கீறியதுபோல ஒடுங்கி அறுத்துக்கொண்டு போயிருக்கிறது. ‘டனல்’ என்று எல்லோரும் சொல்லும் இடம் அந்தக் கீறல்தான்.

ஐந்து கிலோமீட்டர் தாண்டியதும் பாதை ஆற்றோடு வந்து சேரும். ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் இங்கே வந்துவிடலாம். இதற்குமேல் பாதை என்று தனியாகக் கிடையாது. ஆற்றுப்படுகையில் உருண்டைக் கற்கள், சில ஆள் உயரத்துக்கு. கல்மேல் கல் அடுக்கி அடையாளம் வைத்திருப்பார்கள், ஆனால் ஒவ்வொரு வெள்ளமும் அவற்றைக் கலைத்துவிடும். ஆற்றை இப்பக்கமும் அப்பக்கமும் மாறி மாறிக் கடக்க நேரும். இந்தக் கடைசித் தூரத்துக்கு ஒரு மணி நேரமாவது வையுங்கள். முன்னே கழிந்த வேகத்தை வைத்துக் கணக்குப் போடுபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

மொத்தம் ஐந்து முதல் ஆறு மணி நேரம். கோடையில் காலை ஆறு மணிக்குப் புறப்பட்டால் எட்டு மணிக்கு ஆற்றுப்படுகை, ஒன்பதுக்கு டனல், அங்கே ஒரு மணி நேரம், ஒரு மணிக்குள் கார். எது எப்படியானாலும், எங்கே இருந்தாலும், பதினொரு மணிக்குத் திரும்பி நடக்கத் தொடங்கிவிட வேண்டும் என்று புறப்படும்போதே எல்லோருமாகப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அருவி தெரியும் வளைவு இன்னும் இருநூறு அடியில் இருந்தாலும் பதினொன்று என்றால் பதினொன்றுதான்.

கேள்வி: போன முறை டனல்வரை போய், உள்ளே தண்ணீர் பார்த்துப் பயந்து திரும்பிவிட்டோம். கூட வந்தவர்கள் கோழை என்றார்கள். உள்ளே நுழையலாமா கூடாதா என்று எப்படி முடிவு செய்வது? (வாசகர், ஃபீனிக்ஸ், டர்பன்)

நீங்கள் செய்ததுதான் சரி. டனலுக்குள் இரண்டு பக்கமும் செங்குத்துச் சுவர், நடுவே ஆறு. பாதிவழியில் தண்ணீர் ஏறினால் ஏறி ஒதுங்க ஒரு திட்டும் கிடையாது. அதனால் அதன் வாசலில் எடுக்கும் முடிவு மற்ற இடங்களில் எடுக்கும் முடிவைப் போல அல்ல.

முதலில் வானம். உங்கள் தலைக்குமேல் உள்ள வானம் அல்ல, ஆம்பிதியேட்டர் உச்சிக்கு மேலுள்ள வானம். மேட்டுநிலத்தில் கொட்டும் மழை, மண் உறிஞ்ச வழியில்லாத பாறைச்சுவரில் இறங்கி, குறுகிய நேரத்தில் மலையிடுக்குக்கு வந்துவிடும். கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரலாம். உச்சி மேகத்துக்குள் மறைந்திருந்தாலோ, அந்தப் பக்கம் இடி கேட்டாலோ டனலுக்குள் கால் வைக்காதீர்கள்.

அடுத்து தண்ணீரின் நிறம். வழக்கமாக அடிக்கல் தெரியும் தெளிவு. பால்கலந்த தேநீர் நிறம் வந்தால் மேலே மழை பெய்துவிட்டது என்று பொருள். சருகும் குச்சியும் மிதந்து வந்தால் தண்ணீர் கரையைத் தொட்டு ஏறிக்கொண்டிருக்கிறது. சத்தம் மாறுவதையும் கவனியுங்கள். சலசலப்பு மாறி, கற்கள் அடியில் உருளும் கட்டையான ஓசை வந்தால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு மேட்டுக்கு ஏறுங்கள்.

ஒரு எளிய அளவுகோல் உண்டு. டனல் வாசலை அடைந்ததும், தண்ணீர் விளிம்பில் பாதி நனைந்து பாதி உலர்ந்து நிற்கும் ஒரு கல்லைத் தேர்ந்தெடுங்கள். அதன் ஈரக்கோடு எங்கே நிற்கிறது என்று எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். செல்பேசியில் ஒரு படமும் எடுத்துவிடுங்கள். உட்கார்ந்து பதினைந்து நிமிடம் ஏதாவது சாப்பிடுங்கள். பிறகு மறுபடி பாருங்கள். கோடு இரண்டு விரல் ஏறியிருந்தாலும் அன்றைய நடை அங்கே முடிந்தது. ஏறவில்லை என்றால் அடுத்ததாக ஆழம். குழுவில் குட்டையானவரின் முழங்காலுக்குக் கீழே இருக்க வேண்டும். முழங்காலுக்குமேல் ஏறிய வேகமான தண்ணீர் பெரிய ஆளையும் சாய்த்துவிடும்.

நுழைவதென்றால் காலணியோடு நுழையுங்கள். வெறுங்காலில் அடிக்கல்லின் பாசி கண்ணாடி போல வழுக்கும். பையின் இடுப்புப் பட்டையையும் நெஞ்சுப் பட்டையையும் அவிழ்த்துவிடுங்கள். விழுந்தால் பை நழுவிப் போகட்டும், உங்களை இழுத்து அமுக்கக் கூடாது. கையில் ஒரு ஊன்றுகோல், தண்ணீர் வரும் திசையைப் பார்த்து ஊன்ற வேண்டும். கோல், ஒரு கால், மறு கால் என்று ஒன்று நகரும்போது மற்ற இரண்டும் நிலையாக இருக்கட்டும். இருவர் இருவராகத் தோளைப் பிடித்துக்கொண்டு போனால் இன்னும் உறுதி. இடுப்பில் கயிறு கட்டிக்கொள்ளாதீர்கள். விழுந்தவரைக் கயிறு தண்ணீருக்குள் பிடித்து வைத்துவிடும்.

தண்ணீர் அனுமதிக்கவில்லை என்றாலும் நாள் வீணில்லை. டனல் வாசலருகே சங்கிலி ஏணி ஒன்று இருக்கிறது. அதில் ஏறி, மரங்களுக்கிடையே கைகளையும் ஊன்றி மேலே போனால் பாறைச்சுவரின் அழகான காட்சி கிடைக்கும்.

கேள்வி: குற்றாலத்தில் நிற்பதுபோல அருவிக்கு அடியில் நின்று குளிக்க முடியுமா? குழந்தைகளுக்கு அந்த ஆசை. (வாசகி, திருநெல்வேலி)

முடியாது. நடைபாதை அருவியின் அடிவரை போவதே இல்லை. டனலைத் தாண்டியதும் அரைவட்டச் சுவரும் அதில் அடுக்கடுக்காக இறங்கும் வெள்ளைக் கோடும் கண்ணில் படும். அதற்குமேல் போவது பாதையில்லாத பாறைச்சரிவு. குற்றாலத்தில் கைப்பிடிக் கம்பியும் காவலரும் இருப்பார்கள், வெள்ளம் வந்தால் தடுத்து நிறுத்துவார்கள். அப்படி இருந்தும் 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனது உங்களுக்குத் தெரியும். துகேலாவில் எச்சரிக்கை சொல்ல ஒருவரும் இல்லை.

குளிக்க ஆசை என்றால் ஆற்றுப்படுகையின் தொடக்கத்தில், இடுக்கு ஒடுங்குவதற்கு முன், வெயில் படும் தேங்கல்கள் இருக்கின்றன. அங்கே நனையலாம். மூவாயிரம் மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் நீர் கோடையிலும் மூச்சை அடைக்கும் குளிர்ச்சி. குழந்தைகளைக் கால், முழங்கால், இடுப்பு என்று மெல்ல இறக்குங்கள். குதிக்கவே வேண்டாம், தெளிந்த நீரில் ஆழம் கண்ணை ஏமாற்றும். உதடு நீலம் பாரித்தால் உடனே வெளியே எடுத்து, துவட்டி, உலர்ந்த உடை போட்டுவிட வேண்டும். சோப்பும் ஷாம்பூவும் பையைவிட்டு வெளியே வரக் கூடாது. எண்ணெய்க் குளியலை வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: மேல்வழியின் சங்கிலி ஏணியை நினைத்தாலே கை நடுங்குகிறது. பழகிக்கொள்ள வழி உண்டா? (வாசகர், சென்னை)

இரண்டு தொகுதியாக, ஏறக்குறைய நூறு படிகள். பாறையோடு ஒட்டித் தொங்குவதால் படிக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழைய இடம் குறைவு, மேல்தோல் உராய்ந்துவிடும். உள்ளங்கையில் பிடிப்புள்ள மெல்லிய கையுறை போடுங்கள். குளிர்காலக் காலையில் இரும்பு பனிக்கட்டி போலச் சுடும், அப்போது கையுறை கட்டாயம்.

பயத்தில் எல்லோரும் செய்யும் தவறு, கைகளால் உடம்பைத் தூக்க முயல்வது. இருபது படியில் முன்கை மரத்துப்போகும். பாதத்தின் நடுப்பகுதியைப் படியில் வைத்து, காலால் எழுந்து நில்லுங்கள். கை வெறும் பிடிப்புக்குத்தான். ஏணி ஆடும்போது உடம்பைச் சுவரோடு ஒட்டி நிறுத்தினால் ஆட்டம் நின்றுவிடும். அடுத்த படியை மட்டும் பாருங்கள். ஓர் ஏணியில் ஒரு நேரத்தில் ஒருவர். கீழே நிற்பவர்கள் நேர் கீழே நிற்காமல் பக்கவாட்டில் ஒதுங்கட்டும், மேலே போகிறவர் காலில் தட்டி விழும் சிறு கல்லும் தலையைப் பிளக்கும். பையில் தொங்கும் வார்களையெல்லாம் உள்ளே திணித்துவிடுங்கள், படியில் மாட்டி இழுக்கும்.

வீட்டில் பழக, மொட்டை மாடி இரும்பு ஏணி ஒன்றில் ஆறேழு கிலோ பையோடு தினம் பத்து முறை ஏறி இறங்கிப் பாருங்கள். இறங்குவதுதான் முக்கியம். பலர் ஏறிவிட்டு, இறங்கக் காலை வைக்கத் தெரியாமல்தான் திணறுகிறார்கள். மழையில், இடியில், உறைபனியில் ஏணியைத் தொடாதீர்கள்.

கேள்வி: நாங்கள் சைவம். அங்கே சாப்பாடு கிடைக்குமா? கையில் என்னென்ன எடுத்துப் போக வேண்டும்? (வாசகி, மதுரை)

தெண்டெலே குடில்களில் அடுப்பும் பாத்திரமும் உண்டு, சமைப்பது உங்கள் பொறுப்பு. அரிசி, பருப்பு, காய்கறி எல்லாம் டர்பனிலோ வழியில் பெர்க்வில்லிலோ வாங்கிவிடுங்கள்.

நடைக்கு எலுமிச்சைச் சாதமோ புளியோதரையோ போதும். பிற்பகல்வரை கெடாது, கையில் எடுத்துச் சாப்பிடலாம். தயிர்சாதம் கோடை வெயிலில் புளித்துவிடும். டர்பன்காரர்கள் ஆசையாகப் பீன்ஸ் பன்னி சாவ் (குடைந்த ரொட்டிக்குள் பீன்ஸ் குழம்பு) கட்டிக்கொள்வது வழக்கம். குழம்பு ரொட்டியில் ஊறிப் பைக்குள் வழியும், அதைத் திரும்பி வந்த பிறகு சாப்பிடுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், வெயில் காலத்தில் மூன்று. ஒரு கைப்பிடி வறுத்த கடலை, பேரீச்சை நாலைந்து, உப்பும் சர்க்கரையும் கலந்த தூள் பொட்டலம் இரண்டு. ஆற்றுநீரைக் குடிப்பதானால் மாத்திரை போட்டோ காய்ச்சியோ குடியுங்கள்.

உடையில் பருத்திச் சட்டையைத் தவிர்க்கச் சொல்வோம். நனைந்தால் காயாது, காற்றடிக்கும்போது உடல்சூட்டை உறிஞ்சிவிடும். ஜீன்ஸ் இன்னும் மோசம். மழைச்சட்டை, கம்பளிச் சட்டை அல்லது ஃப்ளீஸ், தொப்பி, மாற்றுக் காலுறை ஒரு ஜோடி. இவற்றை ஒரு பிளாஸ்டிக் உறையில் கட்டிப் பைக்குள் வையுங்கள். ஆளுக்கொரு நெற்றி விளக்கு. ஜூன் மாதத்தில் மாலை ஐந்தேகாலுக்குள் சூரியன் மறைந்துவிடும், மலையிடுக்குக்குள் அதற்கு வெகு முன்பே இருட்டு இறங்கும்.

கேள்வி: பாம்பு உண்டா? (வாசகர், யாழ்ப்பாணம்)

உண்டு. பஃப் ஆடர் என்ற தடித்த விரியன் வகைதான் கவனிக்க வேண்டியது. காலடி கேட்டாலும் விலகாமல் பாதையிலேயே படுத்திருக்கும் சுபாவம் அதற்கு. புல் மூடிய இடத்தில் கோலால் தட்டிக்கொண்டு நடங்கள், கை வைக்கும் பாறை விளிம்பைப் பார்த்துவிட்டு வையுங்கள். கடித்தால் கயிறு கட்டுவதும் கீறுவதும் உறிஞ்சுவதும் கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல் உட்காரவைத்து உதவிக்கு ஆள் அனுப்புங்கள்.

பாம்பைவிடத் தினசரித் தொல்லை பபூன் குரங்குகள். குடிலின் சன்னலைத் திறந்து வைக்காதீர்கள். மலேரியா அங்கே இல்லை. புல்வெளியில் நடந்தால் இரவு உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாதி வழியில் இடிமழை பிடித்துக்கொண்டால்? (வாசகர், கோலாலம்பூர்)

எங்கே இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆற்றுப்படுகையில் இருந்தால் முதல் ஆபத்து வெள்ளம், உடனே சரிவில் மேலே ஏறுங்கள். நாம் எந்தக் கரையில் இருக்கிறோம், கார் எந்தக் கரையில் என்று யோசித்துக் கடைசியாக ஒருமுறை கடந்துவிடலாம் என்ற ஆசைதான் ஆளைக் கொல்கிறது. தவறான கரையில் மாட்டிக்கொண்டால் அங்கேயே இருங்கள். சிறிய மலையாறுதானே, மழை நின்றபின் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். இரவு தங்க நேர்ந்தாலும் ஃப்ளீஸும் மழைச்சட்டையும் இருந்தால் உயிருக்கு மோசமில்லை.

புல்வெளிச் சரிவில் இருந்தால் ஆபத்து மின்னல். மேட்டு முனையிலிருந்து இறங்கிவிடுங்கள். தனித்து நிற்கும் மரத்தடி வேண்டாம். ஆழமில்லாத பாறை முழைக்குள் ஒதுங்குவதும் தவறு, பாறைமேல் இறங்கும் மின்னோட்டம் வாய்ப்புறத்தில் தாவும். பையைப் போட்டு அதன்மேல் குந்தி, பாதங்களைச் சேர்த்து, தலையைத் தாழ்த்துங்கள். ஒருவருக்கொருவர் பத்துப் பதினைந்து மீட்டர் இடைவெளி விட்டால், எல்லோரும் ஒரே அடியில் மாட்டாமல் உதவி செய்ய ஆள் இருப்பார்கள். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆன பிறகு நடையைத் தொடருங்கள்.

கேள்வி: டர்பனிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்ப முடியுமா? சாலை எப்படி? (வாசகர், டர்பன்)

என்3 நெடுஞ்சாலை, பிறகு ஆர்74இல் விண்டர்டன், பெர்க்வில் வழியாக, மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். கீழ்வழிக்குச் சாதாரணக் காரே போதும். ஒரே நாளில் போய்வந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஆறு மணிக்கு நடக்கத் தொடங்க, அதிகாலை இரண்டரைக்கு வண்டியை எடுக்க வேண்டும். பெர்க்வில் தாண்டினால் சாலையில் மாடும் ஆடும் இருட்டில் நிற்கும், பள்ளங்களும் உண்டு. ஏழு மணிக்குப் புறப்பட்டு பத்தரைக்கு நடக்கத் தொடங்குபவர்கள் நேராக இடிமழை நேரத்தில் போய் நுழைகிறார்கள். முதல் நாள் மாலையே போய் தெண்டெலேயில் தங்குங்கள். கூடாரம் போட மகாய் முகாம் இருக்கிறது. பூங்காவை நடத்துவது எஸெம்வேலோ வனவிலங்கு அமைப்பு. பள்ளி விடுமுறைக்குப் பல மாதம் முன்பே அவர்களிடம் பதிந்துவிடுங்கள், வாசல் திறக்கும் நேரத்தையும் அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: உள்ளே யாருக்காவது கால் முறிந்தால் என்ன செய்வது? (வாசகி, ஈரோடு)

மலையிடுக்குக்குள் செல்பேசிச் சமிக்ஞையை நம்ப முடியாது. இதனால்தான் மூன்று பேருக்குக் குறைந்து போகாதீர்கள் என்கிறோம், நாலு பேர் என்றால் இன்னும் நல்லது. ஒருவர் அடிபட்டவரோடு இருக்க, இருவர் உதவிக்குப் போகலாம்.

முதல் வேலை, அடிபட்டவரை ஆற்று மட்டத்திலிருந்து மேட்டுக்குக் கொண்டுவருவது. முதுகிலோ கழுத்திலோ அடி என்றால் அசைக்கக் கூடாது, ஆனால் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தால் வேறு வழியில்லை. கணுக்கால் என்றால் காலணியைக் கழற்ற வேண்டாம், வீங்கிவிட்டால் மறுபடி போட முடியாது. வாரைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும். அடியில் பை, மேலே ஃப்ளீஸ், தலையில் தொப்பி. குளிர்ந்த பாறைமேல் நேராக உட்கார்ந்தால் உடல்சூடு அடிவழியாகவே போய்விடும்.

உதவிக்குப் போகிறவர்கள் புறப்படும்முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளட்டும்: எத்தனை மணிக்கு அடிபட்டது, என்ன அடி, வயது, உணர்வு இருக்கிறதா, டனலுக்கு மேலேயா கீழேயா, ஆற்றின் எந்தக் கரை. ஓடிவந்த பதற்றத்தில் வாய் குழறும், தாள் குழறாது. தெண்டெலேவை அடைந்ததும் அலுவலகத்தில் அந்தத் தாளைக் கொடுங்கள், சமிக்ஞை கிடைக்கும் இடத்தில் 112 அழையுங்கள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்து திரும்பும்போது, காரில் ஏறும் முன் பதிவேட்டில் உங்கள் பெயருக்கு எதிரே திரும்பிய நேரத்தை எழுதிவிடுங்கள். எழுத மறந்தால், நீங்கள் டர்பனில் தூங்கிக்கொண்டிருக்கும்போது இருட்டில் உங்களைத் தேடி ஆட்கள் மலையிடுக்குக்குள் இறங்குவார்கள்.